பெட்டி நிறையப் படம், பெயர்தான் இல்லை!

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் திருச்சுழி வந்துவிடும். குண்டாற்றங்கரை ஊர். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாள் கொஞ்சம். மணல் தெரியும் நாள்தான் அதிகம். ஊர் நடுவே பழைய சிவன் கோயில். அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

தகப்பனார் சுந்தரமய்யர், ஊரில் வக்கீல். தாயார் அழகம்மாள். குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகமே அறிந்தவர்.

ரமணரின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நரைத்த குறுந்தாடி, கருணை ததும்பும் கண்கள், உதட்டில் மெல்லிய சிரிப்பு. சுவரில், காலண்டரில், புத்தக அட்டையில் நாம் காணும் புகழ்பெற்ற முகப்படம் ஒன்று உண்டு. எடுத்தவர் வெல்லிங் என்ற போட்டோக்காரர்.

ஆனால் திருச்சுழித் தெருவில் விளையாடிய வேங்கடராமன் எப்படி இருந்தான்? படத்தைக் காட்டு என்றால் முடியாது. பதினாறு வயதில், 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், அவன் மதுரையிலிருந்து புறப்பட்டான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். இன்று கிடைக்கும் படங்களில் மிகப் பழையது 1900-ஆம் ஆண்டை ஒட்டியது. அதற்குள் அவன் ஊரை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்தக் காலத்தில் காமிரா அரிது. ஊரில் இல்லாத பொருளுக்கு யாரை நோவது?

இன்று நிலைமை நேர்மாறு. திருச்சுழியில் இன்று பிறக்கும் குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் ஆயிரம் படம் சேர்ந்துவிடுகிறது. தாய்மாமன் செல்போனில் கொஞ்சம். சித்தி செல்போனில் கொஞ்சம். அவ்வளவு இருந்தும், "காது குத்தியபோது எடுத்த படத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் விரலால் தள்ளித் தள்ளித் தேடுவார்கள். கடைசியில், "எங்கேயோ இருக்கிறது" என்பார்கள்.

இல்லாத படமும் தேடிக் கிடைக்காத படமும் ஒன்றுதானே!

கட்டுக்கு ஒரு சீட்டு

அருப்புக்கோட்டை தறிக்குப் பேர்போன ஊர். சேலைக் கட்டு கடைக்குப் போகும்போது அதன்மேல் ஒரு சீட்டு இருக்கும். என்ன ரகம், எத்தனை உருப்படி, என்ன விலை என்று அது சொல்லிவிடும். சீட்டு விழுந்துவிட்டால்? கட்டைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். நூறு கட்டில் சீட்டு விழுந்துவிட்டால் கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொள்வார்.

படமும் அப்படித்தான். செல்போனிலோ டிஜிட்டல் காமிராவிலோ எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு இருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் காமிரா என்று அதில் பதிந்திருக்கும். இடம் காட்டும் வசதியைத் திறந்து வைத்திருந்தால் எந்த இடம் என்பதும் பதிந்திருக்கும். இதற்கு எக்சிஃப் என்று பெயர். ஜப்பான் நாட்டுக் காமிராத் தொழிலார் 1995-ல் வகுத்த முறை இது.

கம்ப்யூட்டரில் ஆல்பம் மென்பொருள் என்று ஒன்று உண்டு. படங்களை உள்ளே வாங்கி, இந்தச் சீட்டைப் படித்து, வருஷவாரியாக அடுக்கி வைப்பது அதன் வேலை. டிஜிகாம் என்பது அப்படி ஒன்று. காசு கொடுக்க வேண்டியதில்லை. நாம் தமிழில் எழுதும் பெயரையும் அது ஏற்றுக்கொள்ளும்.

முதலில் படத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். செல்போனை வயர் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் டிசிஐஎம் என்று ஒரு உறை தெரியும். செல்போன் காமிரா எடுத்த படமெல்லாம் அதற்குள்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு வேறு உறை. இரண்டையும் எடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

எடுத்த பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும். செல்போனில் 2,140 படம் இருந்தால் கம்ப்யூட்டரிலும் 2,140 இருக்க வேண்டும். கணக்குச் சரியாகும் வரை செல்போனிலிருந்து ஒன்றையும் அழிக்கக் கூடாது. அவசரப்பட்டு அழித்துவிட்டுப் பிறகு அழுதவர்கள் ஏராளம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சில மென்பொருள்கள் படத்தைத் தம்மிடம் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்கின்றன. திரையில் நாம் பார்ப்பது ஒரு சின்ன நகல். "ஆல்பத்தில்தான் இருக்கிறதே" என்று எண்ணி மூல உறையை அழித்துவிட்டால் படம் போயே போய்விடும். மிஞ்சுவது காலி விலாசம்.

பொய் சொல்லும் தேதி

சீட்டு இருக்கிறதே, பிறகு என்ன கவலை? கவலை இருக்கிறது. சீட்டு சில சமயம் பொய் சொல்லும். சில சமயம் காணாமலே போய்விடும்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்திய சின்ன டிஜிட்டல் காமிராக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரி முழுக்க இறங்கிவிட்டால் அதன் கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். வீட்டில் யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். 2009-ல் நடந்த சடங்குப் படம், காமிரா கணக்கில் ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் போய் உட்கார்ந்திருக்கும்.

வாட்ஸ்அப் படத்தில் இந்த உட்சீட்டே இருக்காது. சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. சீட்டையும் கிழித்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு செல்போனில் அந்தப் படத்தின் கோப்புப் பெயரைப் பார்த்தால் எட்டு எண்கள் சேர்ந்தாற்போல் இருக்கும். அதற்குப் பிறகு டபிள்யூஏ என்ற எழுத்து வரும். அந்த எட்டு எண்களும் ஒரு தேதிதான். ஆனால் அது படம் எடுத்த தேதி அல்ல. படம் வந்து சேர்ந்த தேதி. பொங்கலுக்கு எடுத்ததைச் சித்திரையில் அனுப்பினால் அது சித்திரைப் படமாகிவிடும்.

நல்ல படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்ப வேண்டும். அப்போது படமும் சுருங்காது, சீட்டும் கிழியாது. துபாயில் இருக்கும் மகனுக்கும் திருப்பூரில் இருக்கும் மகளுக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய பொய், பழைய படத்தை ஸ்கேன் செய்யும்போது வருகிறது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் 1962-ல் கல்யாணம். கறுப்பு வெள்ளைப் படம். அதை நேற்று ஸ்கேன் செய்தார்கள். கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? நேற்று எடுத்த படம் என்று நினைக்கும். கல்யாணக் கோலத்தில் இருக்கும் பாட்டி, நேற்றைய பஸ் ஸ்டாண்டு படத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பாள்!

ஸ்கேன் செய்த படத்துக்கெல்லாம் தேதியைக் கையால் மாற்ற வேண்டும். மென்பொருளில் அதற்கு வசதி உண்டு. மாதம் தெரியாவிட்டால் வருஷம் போதும். வருஷமும் சரியாகத் தெரியாவிட்டால், "சுமார் 1962" என்று குறிப்பு எழுதலாம். "சுமார்" என்ற வார்த்தையை விட்டுவிடக் கூடாது. விட்டால் ஊகம் நாளைக்கு உண்மையாகிவிடும்.

படமே சாட்சி சொல்லும்

வருஷம் யாருக்கும் நினைவில்லை. என்ன செய்வது? படத்தையே கேட்க வேண்டும்.

ரமணர் படங்களையே பாருங்கள். அவரைப் பலர் படம் எடுத்தார்கள். சென்னை டாக்டர் டி. என். கிருஷ்ணசுவாமி அவரிடம் பக்தி கொண்டவர். வந்தபோதெல்லாம் எடுத்த படங்கள் ஏராளம். 1950-ஆம் ஆண்டு ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், பிரான்சு தேசத்து ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான் வந்து எடுத்தார். காமிராக் கலையில் உலகப் பெயர் பெற்றவர் அவர். பழைய படங்களைத் திருவண்ணாமலை ரமணாசிரமம் காப்பகத்தில் பாதுகாக்கிறது, கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறது.

தேதி எழுதாத ஒரு படம் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரமணரின் இடது கையில் கட்டு இருக்கிறதா? இருந்தால் அது 1949 அல்லது அதற்குப் பிந்திய படம். அந்தக் கையில் வந்த கட்டிக்கு முதல் அறுவை நடந்தது 1949 பிப்ரவரியில். பக்கத்தில் லட்சுமிப் பசு நிற்கிறதா? நின்றால் 1948 ஜூனுக்கு முந்தியது. அந்த மாதம் 18-ந் தேதி பசு இறந்துவிட்டது. தாயார் சமாதிமேல் எழுந்த கோயில் கும்பாபிஷேகம் முடிந்து முழுமையாகத் தெரிகிறதா? அப்படியானால் 1949 மார்ச் 17-க்குப் பிறகு.

ஒரு கட்டு, ஒரு பசு, ஒரு கோபுரம்! இவை மூன்றும் காலண்டர் வேலை பார்க்கின்றன.

நம் வீட்டுப் படத்திலும் இப்படிச் சாட்சிகள் உண்டு. பெரியப்பா கையில் புதுச் சைக்கிள். அது எந்த வருஷம் வாங்கியது? அத்தை மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்குமே! பின்னால் தெரியும் வீடு ஓட்டு வீடா, மாடி கட்டிய வீடா? மாடி எந்த வருஷம் போட்டது? தாத்தா படத்தில் இல்லை. பாட்டி வெள்ளைச் சேலையில் இருக்கிறாள். அதுவும் ஒரு தேதிதான். சொல்லக் கஷ்டமான தேதி.

படத்தின் முதுகையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை இருக்கும். சில சமயம் பேனாவில் எழுதிய பெயரும் இருக்கும். முன்பக்கத்தை ஸ்கேன் செய்பவர்கள் முதுகை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

எதை முதலில் காப்பாற்றுவது?

பலரும் கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் முதலில் எடுத்து வருவார்கள். பழசு அல்லவா! ஆனால் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒழுங்காகக் கழுவிப் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் நெடுங்காலம் நிற்கும். 1970, 80-களில் போட்ட கலர்ப் படம்தான் சீக்கிரம் வெளுக்கிறது. பல படங்கள் செம்மை தட்டிவிட்டன. ஆகையால் கலர்ப் படத்தை முதலில் ஸ்கேன் செய்வது புத்திசாலித்தனம்.

அக்காலத்தில் படம் எடுப்பது செலவான காரியம். பெட்டிக் காமிரா அளவுப் பெரிய பிலிமில் சதுரப் படம் பன்னிரண்டுதான் விழும். சின்ன பிலிமில் முப்பத்தாறு. ஊட்டியில் 1960-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, "இந்து" என்ற பெயரில் பிலிம் செய்து விற்றது. டிஜிட்டல் காமிரா பரவியதும் அந்தத் தொழிற்சாலையின் கதை முடிந்தது. பன்னிரண்டே படம் என்றால் எண்ணித்தானே எடுப்பார்கள்? கல்யாணத்துக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்று. அதனால்தான் அந்தக் காலத்துப் படம் ஒவ்வொன்றும் ஒரு குடும்பச் சம்பவமாக இருக்கிறது.

கரிசல் காட்டு வீடுகளில் படத்துக்கு எதிரிகள் பலர். சுவரில் மாட்டிய படத்தை வெயில் தின்னும். தகரப் பெட்டியில் போட்டதை ராமபாணப் பூச்சி தின்னும். மண் சுவர் என்றால் கரையான். பசை ஒட்டிய தாளும் மேலே பிளாஸ்டிக் உறையும் உள்ள ஆல்பங்கள் ஒரு காலத்தில் கல்யாணப் பரிசாக வந்தனவே, அவையும் எதிரிதான். அந்தப் பசை நாளடைவில் படத்தைப் பழுப்பாக்கிவிடும். பிய்த்தால் கிழியும்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். செல்போனில் படம் பிடிக்கவும் செய்யலாம். காலை நேரத்தில், ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, பிளாஷ் விளக்கு இல்லாமல் எடுக்க வேண்டும்.

ஸ்கேன் செய்யும் கடையில், "ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி" என்று கேட்டு வாங்க வேண்டும். சும்மா கொடுத்தால் 150, 200-ல் முடித்துவிடுவார்கள். கூட்டமாக நிற்கும் படத்தில் முகம் கடுகளவுதான் இருக்கும். புள்ளி குறைந்தால் பெரிதாக்கும்போது முகம் கரைந்துவிடும்.

மூன்று பேருக்கு ஒரே பெயர்

தேதி சரியாகிவிட்டது. இனிப் பெயர்.

இப்போதைய மென்பொருள்கள் முகத்தை அடையாளம் கண்டுகொள்கின்றன. ஆயிரம் படத்தைத் துழாவி, ஒரே முகம் உள்ள படத்தையெல்லாம் ஒரு குவியலாக்கித் தருகின்றன. பார்க்க அதிசயமாக இருக்கும். ஆனால் இந்தக் குவியல் யார் என்று மெஷினுக்குத் தெரியாது. "இவர் யார்?" என்று நம்மிடம்தான் கேட்கும். அக்காளையும் தங்கையையும் ஒருவராக்கிவிடும். மீசை வைத்த அப்பாவையும் மொட்டை போட்ட அப்பாவையும் இரண்டு பேராக்கிவிடும். பெயர் சொல்ல மனிதர் வேண்டும்.

பெயர் எழுதுவதிலும் நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெரியப்பா மகனுக்கும் அதே பெயர். சித்தப்பா மகனுக்கும் அதே பெயர். ஒரு குடும்பத்தில் மூன்று முத்துச்சாமி இருந்தால், "முத்துச்சாமி" என்று மட்டும் எழுதி என்ன பயன்? தலைப்பெழுத்து வேண்டும். பிறந்த வருஷமோ வாழ்க்கைப்பட்ட ஊரோ சேர்த்து எழுத வேண்டும்.

"அத்தை", "பெரியம்மா" என்று உறவை மட்டும் எழுதுவதும் போதாது. இன்று எழுதுபவருக்கு அத்தை. அவர் மகனுக்குப் பாட்டி. பக்கத்து வீட்டாருக்கு யாரோ! பெயரும் வேண்டும், யாருக்கு என்ன உறவு என்பதும் வேண்டும்.

உறைக்குப் பெயர் வைக்கும்போது வருஷத்தை முன்னால் போட வேண்டும். "1962-06 திருச்சுழி கல்யாணம்" என்று எழுதினால் கம்ப்யூட்டர் தானே வரிசைப்படி அடுக்கிவிடும். "கல்யாணம் புதுசு", "கல்யாணம் புதுசு 2" என்று வைத்தால் நாலு வருஷம் கழித்துத் திண்டாட வேண்டியதுதான்.

எழுதிய பெயர் எங்கே போய் உட்காருகிறது என்பதும் முக்கியம். பிக்காசா என்ற மென்பொருளைப் பலர் பயன்படுத்தினார்கள். கூகிள் கம்பெனி 2004-ல் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. ஜனங்கள் உட்கார்ந்து ஆயிரக் கணக்கான முகத்துக்குப் பெயர் எழுதினார்கள். 2016 மார்ச்சில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. படம் போகவில்லை. ஆனால் பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதாமல், மென்பொருளின் கணக்கில் மட்டும் வைத்திருந்தவர்கள் வேறு மென்பொருளுக்கு மாறியபோது, படம் வந்தது, பெயர் வரவில்லை.

டிஜிகாம் போன்றவற்றில், பெயரையும் குறிப்பையும் படத்துக்குள்ளேயே எழுதும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். முதல் நாளே அதைச் செய்துவிட வேண்டும். சீட்டு கட்டோடு தைத்திருக்க வேண்டும். கடைக்காரர் நோட்டில் இருந்தால் போதாது.

பெரிய இடத்திலும் இதே பாடு

இது ஏதோ வீட்டுக் கவலை என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தென்னாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்து ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எந்த ஊர், எந்தக் கோயில் என்ற குறிப்பு இருப்பதால்தான் அது பொக்கிஷம். களவு போன சிலை வெளிநாட்டில் தலைகாட்டும்போது, "இது இந்த ஊர்ச் சாமி" என்று நிரூபிக்க அந்தப் படங்கள் உதவியிருக்கின்றன. குறிப்பு இல்லாவிட்டால், எல்லாம் ஏதோ ஒரு கோயிலின் ஏதோ ஒரு சிலைதான்.

அதே நிறுவனத்தில் தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்க்கும் வேலையும் நடந்தது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின், அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டம் அதற்கு உதவியது. கல்யாண ஜோடி, கைக்குழந்தை, குடும்பக் கூட்டம் என்று சாமானிய ஜனங்களின் படங்களே அதில் பெரும்பகுதி. ஸ்டூடியோக்காரர்கள் பல இடங்களில் பழைய நெகட்டிவைப் போட்டுவிட்டார்கள். அதில் உள்ள வெள்ளிக்காக விற்றவர்களும் உண்டு. தப்பி வந்த படத்தில் முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது யார் வீட்டு மணப்பெண் என்று சொல்லப் பல படங்களுக்கு ஆள் இல்லை.

மூன்று இடம்

அடுக்கிய ஆல்பத்தை ஒரே இடத்தில் வைத்தால் அத்தனையும் ஒரே நாளில் போகும். மூன்று பிரதி வேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் கணக்கு. ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று தனி ஹார்டு டிஸ்கில். மூன்றாவது வேறு ஊரில். தகரக் கூரைக்குக் கீழே பீரோமேல் ஹார்டு டிஸ்கை வைக்க வேண்டாம். சித்திரை வெயில் அதற்கு ஆகாது.

வேறு ஊருக்குப் பதிலாக இண்டர்நெட்டில் ஏற்றி வைப்பவர்கள் பலர். கூகிள் போட்டோஸ் முன்பு அளவில்லாமல் இலவச இடம் கொடுத்தது. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து அது இல்லை. இலவசம் 15 ஜிபி. ஈமெயிலுக்கும் அதிலேயே பங்கு. செல்போன் படம் ஒன்று மூன்று, நாலு எம்பி என்றால், சுமார் நாலாயிரம் படத்தில் பாத்திரம் நிரம்பிவிடும். வீடியோ போட்டால் இன்னும் சீக்கிரம்.

ஒன்றை மறக்கக் கூடாது. "இண்டர்நெட்டில் இருக்கிறதே" என்று செல்போனில் அந்தச் செயலிக்குள் போய்ப் படத்தை அழித்தால், அங்கும் அழிந்துவிடும். அது பெட்டி அல்ல, கண்ணாடி. இங்கே செய்தது அங்கே தெரியும். ஏற்றி வைத்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். அதற்குள் மீட்கலாம். பிறகு முடியாது.

இரண்டு வருஷம் திறக்காத கணக்கைக் கூகிள் நீக்கிவிடலாம் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் வந்திருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். செல்போனைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. கணக்கின் ரகசிய வார்த்தையும் தெரியாது. பேத்திக்கு நடை பழக்கிய படமெல்லாம் அதற்குள் இருக்கிறது. பெட்டி இருக்கிறது, சாவி போய்விட்டது! கணக்கைத் திறக்காமல் விட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வசதி அந்தக் கணக்கிலேயே உண்டு. நிலப் பத்திரத்தோடு சேர்த்து ஒரு தாளில் ரகசிய வார்த்தையை எழுதி வைத்தாலும் சரிதான்.

சிவராத்திரிக்கு வருபவர்கள்

இவ்வளவு வேலைக்கும் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவன் போதும். பெயர் சொல்ல மட்டும் அவனால் முடியாது. அதற்கு எழுபது, எண்பது வயதானவர் ஒருவர் வேண்டும். அவர் எல்லா நாளும் இருக்க மாட்டார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழையை நம்பிய பூமி. கண்மாய் நிரம்பாத வருஷங்களில் ஜனங்கள் பிழைப்புத் தேடிச் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். கடல் தாண்டியும் போனார்கள். ஒரே கல்யாணத்தின் படங்கள் நாலு ஊரில் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் மாசி மாதம் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்கு அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். பொங்கல் பொங்கும் வரை மரத்தடியில் பேச்சுத்தான்.

அந்த நேரத்துக்குப் பழைய படங்களைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துப் போகலாம். ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் ஓர் எண் போட்டிருந்தால் வசதி. பாட்டியின் கையில் கொடுத்தால் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போவாள். "இது உங்க தாத்தாவோட தம்பி. ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தவுக. இது யாருன்னா..." என்று இழுப்பாள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிழவி, "அது நம்ம கோட்டூராளுல்ல!" என்பாள். சண்டை வரும். வந்தால் நல்லது. இருவர் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதக் கை போதாவிட்டால், செல்போனில் குரலைப் பதிவு செய்துகொண்டால் போதும். "ஒன்றாம் நம்பர் யார் பாட்டி?" என்று எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகு போட்டுக் கேட்கும்போது எந்தத் தலைக்கு எந்தப் பெயர் என்று குழம்பாது. அந்தக் குரல் கோப்பையும், "1962-06 திருச்சுழி கல்யாணம்" என்ற அதே உறைக்குள், படத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவிடலாம். காகிதப் படத்தின் முதுகில் எழுதுவதானால் மெல்லிய பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் தடம் முன்பக்கத்து முகத்தில் விழும்.